ஈயப் பெட்டியின் பின்னால்

மொரப்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் தலையைச் சாய்த்து, கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

“மதராஸிலிருந்து வர்றவங்களைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தீங்களாம்மா?”

“இல்லீங்க. நாங்க மதராஸுக்குப் போறோம். ரெண்டு டிக்கெட்டுக் குடுங்க.”

அவர் டிக்கெட்டை எடுக்கவில்லை. “அங்க இருக்கறவங்கெல்லாம் இங்க ஓடியாறாங்க. நீங்க எங்க போறீங்க?”

“ஆஸ்பத்திரிக்குங்க.”

“இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியே இல்லையா?”

“நல்லாக் கேளுங்க” என்றார் என் பின்னால் நின்ற தெரேசம்மா. “அரூர்ல இருந்து வண்டியில உக்காந்து நானும் இதையேதான் கேட்டுக்கிட்டு வர்றேன்.”

தெரேசம்மா என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். இளவயதிலேயே தாலியறுத்தவர். என்னை எப்படியாவது திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்காக வீட்டில் அவரை என்னோடு அனுப்பியிருந்தார்கள்.

ஜப்பான்காரன் கடல் வழியாக வந்து குண்டு போடப் போகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த கோடை அது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனபோது மதராஸிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. வாசற்படியெல்லாம் மனிதர்கள். ஒரு அம்மா சுவர்க் கடிகாரத்தைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தார். இன்னொருவர் ஜன்னல் வழியாகக் கிளிக்கூண்டை வெளியே நீட்டிக்கொண்டு, கிளிக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கெஞ்சினார்.

ஒரு பெட்டியில், வயதான ஒருவர் தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அதுவரை எனக்குப் பயமில்லை. அதைப் பார்த்ததும் வந்தது. தையல்காரன் மிஷினின் தலையைக் கழற்றிக்கொண்டு கிளம்புகிறான் என்றால், திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை.

“பாத்தியா?” என்றார் அண்ணி.

“பாத்தேன்.”

“இப்பவாவது வூட்டுக்குப் போலாமா?”

எதிர்ப்பக்கம் போகிற வண்டி வந்தது. ஒரு பெட்டி முழுவதும் காலியாக இருந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அண்ணி பிளாட்பாரத்திலேயே நின்று என்னைக் கொஞ்ச நேரம் திட்டினார். கார்டு ஊதியதும் ஏறி எதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ரவிக்கைக்கு உள்ளே

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் நான் தைத்த ரவிக்கைகளைப் பற்றி எழுதி வந்தேன். அரூர் சந்தைத் தெருவில் பொம்பளை ஒருத்தி மிஷின் போட்டு உட்கார்ந்ததும் ஊர் என்ன பேசியது, கன்னியாஸ்திரீகளிடம் நான் தையல் படித்தது எல்லாம் எழுதிவிட்டேன். ரவிக்கைக்கு உள்ளே இருப்பதைப் பற்றி எழுத மட்டும் கூச்சப்பட்டால் அது நியாயமில்லை.

மார்பு என்று எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று பத்திரிகையில் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மார்பு என்றால் ஆம்பளைக்கும் உண்டு. நான் முலை என்றே எழுதுகிறேன். அது கெட்ட வார்த்தை இல்லை.

என் வலது முலையில், மேல்பக்கம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி இருந்தது. புளி உலுக்கும் காலத்தில் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அழுத்தினால் நகராமல் அதே இடத்தில் நின்றது.

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. அதற்குக் காரணம் மணியக்காரர் வீட்டு அம்மா.

அவர் என்னிடம் மட்டும்தான் துணி கொடுப்பார். ஒரு தடவை வந்து இடது பக்கம் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொன்னார். சில மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும். அளவெடுக்கும்போது உள்ளே துணி மடித்து வைத்திருப்பது கையில் பட்டது. தலை நிறைய மல்லிகையும் மருக்கொழுந்தும் வைத்துக்கொண்டு வருவார். அதையும் மீறிப் புண்ணின் வாடை வரும்.

“அம்மா, டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“ஆம்பளைகிட்ட எதைக் காட்டச் சொல்ற? நீ ரவிக்கையைத் தை, போதும்” என்றார்.

கடைசியாகத் தைத்த ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைப் போட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. கொல்லைப்புற அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். பட்டு ரவிக்கை. அதை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய வீடு, நிறைய ஆட்கள். அறைக்குள் யாரும் போகவில்லை.

ஆகவே என் கட்டியை நான் மறைக்கவில்லை. அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னேன். மரியநாதன் பேச்சுக் குறைந்த மனுஷர். புளியும் கடலைக்காயும் ஏற்றி மொரப்பூருக்கு வண்டி அடிப்பவர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“நாளைக்கு வண்டி பூட்டறேன்” என்றார். அவ்வளவுதான்.

சுண்டைக்காய்

ஒரு நாள் பயணத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே வெள்ளைக்கார லேடி டாக்டர். எங்கள் பக்கத்துப் பேச்சையே பேசுவார். ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்தார். அக்குளில் விரல் விட்டு நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“முழுசா எடுக்கணும் ஆரோக்கியம். முலை, அதுக்கு அடியில இருக்கற சதை, அக்குள்ல இருக்கறது எல்லாம்.”

என் பெயர் ஆரோக்கியமேரி. அந்தப் பெயரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவளின் சங்கடம் எனக்குத்தான் தெரியும்.

“கட்டி எம்மாம் பெருசுங்க?”

“சுண்டைக்காய் அளவு இருக்கும்.”

“அப்ப அந்தச் சுண்டைக்காயை மட்டும் எடுங்க.”

“அது அப்படி இல்லைம்மா.”

“ரவிக்கையில ஒரு எடம் தீஞ்சு போனா, அந்த எடத்தை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போடுவோமுங்க. முழுசையும் தூக்கி எறிய மாட்டோம்.”

அவர் சிரிக்கவில்லை. “துணி வேற, உடம்பு வேற. துணியில தீஞ்ச எடம் பக்கத்துல பரவாது. இது பரவும்.”

அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

“எதுக்கு இதைக் காப்பாத்தணும்னு இப்படி நிக்கற? புருஷனுக்காகவா?”

“எனக்காகங்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா, இல்லை இவள் பிறவியே இப்படியா என்று யோசிப்பது தெரிந்தது. “வேற வழியே இல்லைன்னு சொன்னீங்கன்னா, முழுசா எடுத்துக்குங்க. நான் சாக வரலை. வழி இருக்குதான்னுதான் கேக்கறேன்” என்றேன்.

மறுநாள் காலையில் அவரே என் கட்டிலுக்கு வந்தார்.

“எங்க நாட்டுல சில டாக்டருங்க நீ கேக்கற மாதிரி செஞ்சு பாத்திருக்காங்க. கட்டி சின்னதா இருக்கணும், அக்குள்ல ஒண்ணும் இருக்கக்கூடாது. உனக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. ஆனா கட்டியை எடுக்கறது பாதி வேலைதான். அதுல இருந்து பொடிப்பொடியா சுத்திலும் சிந்தியிருக்கலாம். என் கண்ணுக்கும் தெரியாது, கத்திக்கும் தெரியாது. அதைக் கருக்கணும்னா ரேடியம் ஊசி வெக்கணும். அது மதராஸ்லதான் இருக்கு.”

“போறேனுங்க.”

“புண்ணு ஆறுனதும் போகணும். நல்லாத்தானே இருக்கேன்னு வூட்டுல உக்காந்துட்டா, நீ கேட்டதை நான் செஞ்சதே பாவமாயிடும். போவியா?”

“போறேனுங்க” என்று மறுபடியும் சொன்னேன்.

மயக்க மருந்தின் இனிப்பு வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. விழித்தபோது முதலில் கையைத்தான் மேலே கொண்டுபோனேன். கட்டுக்கு அடியில், அது இருந்தது.

“இன்னும் எதுக்கு?”

புண் நன்றாக ஆறியது. ஒரு பக்கம் லேசாகக் குழி விழுந்து, வெண்டைக்காய் நீளத்துக்கு ஒரு தழும்பு. ரவிக்கை போட்டால் எனக்கே தெரியாது. மிஷினில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ரேடியோவிலும் பேப்பரிலும் மதராஸைப் பற்றிய செய்தி வர ஆரம்பித்தது.

வீட்டில் ஒருத்தருக்கும் சம்மதமில்லை. சண்டையை நடத்தியவர் அண்ணி.

“அறுத்தாச்சு. புண்ணும் ஆறிடுச்சு. ராகிக் களி ரெண்டு உருண்டை தின்னுற. இன்னும் எதுக்கு?”

“மிச்சம் இருந்தா கருக்கறதுக்கு.”

“மிச்சம் இருக்குதுன்னு யாரு பாத்தா?”

“யாரும் பாக்கலை. அதுக்குத்தான்.”

“கண்ணுல தெரியாத ஒண்ணைக் கருக்கறதுக்கு, குண்டு உழுகற ஊருக்குப் போறியா? பொட்டப்புள்ளை ஒண்ணு வெச்சிருக்கியே, அதை நெனச்சியா?”

என் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அவளை நினைத்தேன். மணியக்காரர் வீட்டுக் கொல்லைப்புற அறையையும் நினைத்தேன். “அவளை நெனச்சுத்தான் போறேன் அண்ணி” என்றேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கட்டி இருந்தபோது என்னைப் போகச் சொல்லி எல்லோரும் துரத்தினார்கள். கட்டி போன பிறகு போகாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். நோயைக் கண்ணால் பார்த்தால்தான் மனுஷருக்கு நம்பிக்கை. குணமானது போல இருக்கிற உடம்போடு வைத்தியத்துக்குக் கிளம்புவது, நோயோடு கிளம்புவதைவிடக் கஷ்டம். அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் மரியநாதன் வாயைத் திறந்தார். “அவ வாக்குக் குடுத்திருக்கா. போவட்டும்.”

“அப்ப நானும் போறேன்” என்றார் அண்ணி. “அங்க கதவு பூட்டியிருக்கறதைக் கண்ணால பாத்தாத்தான் இவ திரும்பி வருவா.”

பூட்டிய ஊர்

அண்ணி சொன்னது கிட்டத்தட்ட நடந்தது. மதராஸில் இறங்கியபோது சாயங்காலம். ஸ்டேஷனுக்குள் நுழைய முடியாமல் வெளியே ஜனம். வெளியேறுகிற வழியில் நாங்கள் இரண்டு பேர்தான். தெருவில் கடைக்குக் கடை பூட்டு. ஒரு வீட்டு வாசலில் கட்டிப்போட்ட மாடு கத்திக்கொண்டிருந்தது, அவிழ்த்துவிட ஆளில்லை. அண்ணி போய் அவிழ்த்துவிட்டு வந்தார்.

அன்று ஒரு கோயில் மண்டபத்தில் தங்கி, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் லாரிகள் நின்றன. கட்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடக்கக்கூடிய நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, மற்றவர்களை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். சர்க்கார் உத்தரவு.

லேடி டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்த நர்ஸ், “ஊருக்குப் போங்கம்மா. நிலைமை சரியானதும் வாங்க” என்றார்.

“எப்பங்க சரியாகும்?”

“அதை ஜப்பான்காரன்கிட்டத்தான் கேக்கணும்.”

அண்ணி என் கையைப் பிடித்தார். “பாத்தாச்சில்ல. வா.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கட்டில் தூக்குகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் திட்டினார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். மத்தியானம் ஆகும்போது மெலிந்த ஒருவர், கண்ணுக்குக் கீழே கறுப்போடு, கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நர்ஸ் எங்களைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். ரேடியம் டாக்டர் அவர்தான்.

சீட்டைப் படித்தார். “கட்டியை மட்டும் எடுத்திருக்காங்களா? இந்த ஊர்லயே நாங்க இப்படி அதிகம் செஞ்சதில்லை.”

“அவங்க செஞ்சுட்டாங்க ஐயா. மிச்ச வேலை உங்களோடதுங்க.”

“ரேடியம் எல்லாம் பெட்டிக்குள்ள போட்டு மூடியாச்சும்மா. குண்டு விழுந்து அது சிதறினா ஊருக்கே கேடு. நாளைக்கு ரயில்ல அனுப்பறோம்.”

“எங்கங்க?”

“மேற்கே, உள்நாட்டுல ஒரு ஊருக்கு.”

“கூட யாருங்க போறது?”

“நான்தான்.”

“அப்ப நானும் வர்றேனுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். “அங்க ஆஸ்பத்திரின்னு ஒண்ணும் இல்லை. பள்ளிக்கூடக் கட்டடம் ஒண்ணைக் குடுத்திருக்காங்க. வேலை எப்ப ஆரம்பிக்கும்னே தெரியாது. உன்னை எங்க வெச்சுப் பாக்கறது? ஊருக்குப் போ, நான் சொல்லி அனுப்பறேன்.”

“மறந்துடுவீங்க ஐயா. நீங்க கெட்டவங்க இல்லீங்க. ஆனா மறந்துடுவீங்க.”

அவர் பதில் சொல்லுமுன் அண்ணி முன்னால் வந்தார். நான் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என்னைக் கூட்டிப் போகத்தானே வந்தவர்.

“ஐயா, நான் இவளோட நாத்தனாருங்க. இவளைத் திருப்பிக் கூட்டியாரச் சொல்லித்தான் என்னைய அனுப்புனாங்க. இப்ப இவளைக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போனேன்னு வெச்சுக்குங்க, நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா, கதவு பூட்டலை, டாக்டரு வாசல்லயேதான் நின்னாருன்னு என் மனசு சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு அந்த ரோதனை வேண்டாம். ரெண்டு பேரும் வர்றோம். பள்ளிக்கூடத்துல படுக்கறதுக்கு எங்களுக்கு என்ன? சோறு நானே பொங்கிக்கறேன்.”

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், “இவங்க பேரை எழுதிக்குங்க” என்றார்.

மொரப்பூர், மறுபடியும்

ஈயப் பெட்டியை நான் பார்த்தேன். வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருந்தது. இரண்டு ஆள் கழியில் கட்டித் தூக்கினார்கள். அத்தனை கனம். அதைக் கடைசிப் பெட்டியில் ஏற்றிப் போலீஸ்காரரைக் காவலுக்கு வைத்தார்கள். நாங்கள் அதற்கு முன் பெட்டியில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இரண்டு நாளைக்கு முன்னால், பார்த்தவர்கள் வியக்க மதராஸுக்குப் போனோம். இப்போது எல்லோரோடும் சேர்ந்து திரும்பினோம். ஒரே வித்தியாசம், மற்றவர்கள் தப்பித்துப் போனார்கள், நாங்கள் ஒரு பெட்டியைத் துரத்திக்கொண்டு போனோம்.

வண்டி மொரப்பூரில் நின்றது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தர்மபுரிக்குப் போன சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கு என்று பெயர்த்துக்கொண்டு போன பாதை வெறும் சரளையாகக் கிடந்தது. அதைத் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே எங்கள் ஊர் ரோடு. இறங்கினால் பொழுது சாய்வதற்குள் வீடு.

எனக்கு இறங்கத் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன். மகளின் தலையை மோந்து பார்க்க வேண்டும் போல இருந்தது.

அண்ணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அரூர்ச் சந்தையில் வெள்ளரிக்காய் விற்கும் ஆள் ஒருவர் பிளாட்பாரத்தில் கூடையோடு நின்றார்.

“ஏனுங்க, தையக்கார வூட்டு மரியநாதனைத் தெரியுமில்ல? நாங்க இன்னும் போயிக்கிட்டே இருக்கோம்னு சொல்லிடுங்க.”

“எங்கங்க போறீங்க?”

“அது எங்களுக்கே தெரியாது” என்றார் அண்ணி. வண்டி நகர்ந்தது.

இந்தச் சேதி அரூருக்குப் போய்ச் சேர்ந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் புத்தி கெட்டு ரயிலில் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஆகியிருந்தது. மரியநாதன் மட்டும், “ஆஸ்பத்திரி எடம் மாறியிருக்கும். அதான் போறாங்க” என்றாராம். அந்த மனுஷருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் பலதடவை கேட்டிருக்கிறேன். “ஆஸ்பத்திரிக்குன்னு கௌம்புனவ நீ. அது எங்க இருக்குதோ அங்கதானே போவ” என்பார்.

ஊசிகள்

பெட்டி போய்ச் சேர்ந்த ஊரில் காத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். கரும்பலகையில் ஏதோ ஒரு பிள்ளை போட்ட கணக்கு அழிக்காமல் இருந்தது. ஒரு வழியாக டாக்டர் ஏற்பாடுகளை முடித்து என்னைக் கூப்பிட்டார்.

மயக்கம் கொடுத்துத்தான் வைத்தார்கள். விழித்தபோது முலையைச் சுற்றிலும், அக்குள் வரைக்கும், சதைக்குள் ஊசிகள். ஒவ்வொன்றின் காதிலும் ஒரு நூல். நூலின் நுனியை வெளியே தோலில் தைத்திருந்தார்கள். வலது கையை அசைக்காதபடி உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தைக்கிற கை அது.

கிட்டத்தட்ட ஒரு வாரம் அப்படியே கிடக்க வேண்டும். கட்டிலைச் சுற்றி மணல் மூட்டை. யாரும் பக்கத்தில் வந்து நிற்கக்கூடாது. நர்ஸ் வேகமாக வருவார், நூல்களை எண்ணுவார், ஒரு வாய் கஞ்சி கொடுப்பார், வேகமாகப் போவார். அவர் மேல் தப்பில்லை. என்னைப் போலப் பலரை அவர் பார்க்க வேண்டும், என்னிடம் இருப்பது அவரையும் சுடும்.

முதலில் வலி பெரிதில்லை. போகப் போக உள்ளே காந்தியது. மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் விட்டது போல. புரள முடியாது. முதுகு மரத்துப்போனது. ஆனாலும் வலியைவிட, என்னைத் தொட ஒருத்தரும் இல்லை என்பதுதான் என்னை அழ வைத்தது. அப்போதுதான் அந்தக் கொல்லைப்புற அறை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

அண்ணியை வராந்தாவில், டாக்டர் காட்டிய கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார விட்டார்கள். ஜன்னல் வழியாக அவருடைய குரல் மட்டும் வரும். காலையில் ஜெபமாலை. அது முடிந்ததும் சண்டை.

“அழுவறியா? நீ கேட்டுத்தானே வந்த?”

“ஆமா, கேட்டுத்தான் வந்தேன். அதுக்காக அழுவக் கூடாதா?”

“அழு. ஆனா ஒடம்பைக் குலுக்காம அழு. நூலு அறுந்துச்சுன்னா அந்த டாக்டரு என்னையத்தான் கேப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் குலுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் டாக்டர் வந்து நின்றார். “கை பழையபடி வருமுங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“வரும். ஆனா தானா வராது. கட்டு அவிழ்த்ததும் தினமும் சுவத்துல விரலை ஏத்திப் பழகணும். வலிக்கும்.”

“வலிச்சா பரவால்லீங்க. வந்தாப் போதும்.”

ஊசிகளை எடுத்த அன்று, நூலைப் பிடித்து ஒவ்வொன்றாக உருவி, நீளமான இடுக்கியால் ஈயப் பெட்டிக்குள் போட்டார்கள். மூடியை மூடியதும் நர்ஸ் முதல் தடவையாக நிதானமாக என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டார். பெட்டியை வெளியே கொண்டுபோனதும் அண்ணி கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். வந்து என் தலைமுடியைப் பார்த்து, “சிக்கு புடிச்சுக் கெடக்குது” என்றார். சீப்பை எடுத்து வாரிவிட்டார், சாயங்காலம் வரைக்கும்.

பார்த்துக்கொள்ளுங்கள்

அரூர் திரும்பிய பிறகுதான் தோல் கறுத்தது. சுட்ட கத்தரிக்காய் போல உரிந்து நீர் வடிந்தது. இது வரும், பயப்படாதே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு, மெல்லிய மல் துணியைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு கிடந்தேன். சுவரில் விரலை ஏற்றினேன். ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் என் மகள் கரிக்கோடு போடுவாள்.

தோல் ஆறியது. கை ஏறியது. மிஷினில் உட்கார்ந்தேன். ஆனால் துணி வரவில்லை.

என் உடம்புக்குள் நெருப்பூசி இருக்கிறது, இருட்டில் ஜொலிக்கிறேன், நான் தைத்த துணியைப் போட்டால் போடுகிறவளுக்கும் அது ஒட்டும் என்று ஊரில் பேச்சு. எங்கள் மாதா கோயிலில்கூடப் பூசையின்போது எனக்குப் பக்கத்தில் பாய் காலியாகக் கிடந்தது. “ஒவ்வொருத்தி வூட்டுக்கும் போயி நான் ரெண்டு வார்த்தை கேக்கட்டுமா?” என்றார் அண்ணி. வேண்டாம் என்றேன்.

சந்தை நாள் வந்தது. நடுப்பகலில் கடை வாசலில் பத்துப் பொம்பளைகள் தூரமாக நின்று, கையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துப் பேசினார்கள். நான் மிஷினை நிறுத்தினேன். அளவு எடுப்பதற்காக உள்ளே ஒரு சிறிய அறை உண்டு.

“வாங்க” என்றேன். “தெருவுல நின்னு பாத்தா என்ன தெரியும்? உள்ள வந்து பாருங்க.”

யாரும் அசையவில்லை. “பொம்பளைங்க மட்டும் வாங்க” என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தவள் முதலில் வந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

வெளிச்சத்தில் என் வீட்டுக்காரருக்கே நான் காட்டியதில்லை. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

“பாத்துக்குங்க. இதுதான் தழும்பு. கட்டி இருந்த எடம். இந்தப் புள்ளி எல்லாம் ஊசி வெச்ச எடம். கறுப்பு போயிடும்னு சொன்னாங்க, போகாட்டியும் போகட்டும். ஊசி உள்ள இல்லை, எடுத்தாச்சு. ஜொலிக்குதா?”

ஒருத்தி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். “ஜன்னலைச் சாத்தட்டுமா? இருட்டுல பாக்கறீங்களா?” என்றேன்.

“வேண்டாம் தாயி” என்றார் வயதான ஒருத்தர். பிறகு மெதுவாக, “தொட்டா நோவுமா?” என்றார்.

“நோவாது. தொடுங்க.”

அவர் தொட்டார். அப்புறம் இன்னொருத்தி. தொட்டவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒட்டவில்லை என்று தெரிந்ததும் பேச்சு சத்தமாகக் கிளம்பியது. ஒருத்தி, வந்ததுதான் வந்தோம் என்று பாவாடைத் துணியை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகும் ஒருத்தி போகவில்லை. சித்தேரி மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்பவள். பெயர் வெள்ளச்சி. மலையில் நடுவயதுப் பொம்பளைகள் அப்போது ரவிக்கை போடுவதில்லை, சேலையைத்தான் அக்குளுக்கு அடியில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வெள்ளச்சி என் கையைப் பிடித்து, சேலைக்கு மேலே தன் இடது முலையில் வைத்தாள்.

என்னுடையதைப் போலச் சுண்டைக்காய் இல்லை. எலுமிச்சை.

“எத்தனை நாளா?”

“ராகி வெதைக்கும்போது பாத்தேன். எங்க ஊட்டு ஆள்கிட்டச் சொன்னா, பேய்க்காத்துன்னு கயிறு கட்டுனாங்க.”

“ஆஸ்பத்திரிக்கு வர்றியா?”

“நீ வருவியா?”

“வர்றேன்.”

கதவோரத்தில் இருந்த அண்ணி, “தம்பியை வண்டி பூட்டச் சொல்றேன்” என்று வெளியே போனார்.

லேடி டாக்டர் வெள்ளச்சியிடம் ஒளிக்கவில்லை. கட்டி பெரிசு, அக்குளிலும் இருக்கிறது, முழுசாகத்தான் எடுக்க வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லையே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெள்ளச்சி குனியவில்லை. “எடுத்தா மலை ஏறுவனா?” என்று மட்டும் கேட்டாள். ஏறுவாய் என்றார் டாக்டர். “அப்ப எடு” என்றாள்.

ஏறினாள். அடுத்த தேன் காலத்தில் தலையில் குடுவையோடு சந்தைக்கு இறங்கி வந்தாள். சேலைக்கு மேலே, தோளை நோக்கி ஏறும் தழும்பின் பாதி வெளியே தெரிந்தது. சந்தையே பார்த்தது. அவள் தேனை ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டம் குறைந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். “கழுத்து வரைக்கும் மூடுற மாதிரி உனக்கு நல்ல ரவிக்கை ஒண்ணு தைச்சுத் தர்றேன், வெள்ளச்சி. ஒரு பக்கம் உள்ள துணி வெச்சுத் தைச்சா ஒண்ணுமே தெரியாது.”

அவள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கு?” என்றாள்.